மிலாறுக்கும் விலை வந்துடுச்சு

எங்க ஊர் கடலூர் பக்கம், மணல் பூமி, சவுக்கு தான் எங்களுக்கு சோறு போடுது. அப்பா காலத்துல வெட்டு விழுந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருந்துச்சு. நேரா நீளமா இருக்கறது சாரம் கட்டவும் சென்ட்ரிங் முட்டுக்கும் போகும், அதுக்கடுத்த கட்டை பட்டை உரிச்சு பேப்பர் மில்லுக்கு போகும், மிலாறுன்னு சொல்ற சின்னக் கிளைங்களையும் சருகையும் ஊர்ப் பொம்பளைங்க கட்டித் தலையில தூக்கிட்டுப் போவாங்க, யாரும் காசு கேட்டதில்ல.

போன மாசம் நாங்க ஒரு காணி வெட்டினோம். வந்த வியாபாரி தோப்பை ஒரு சுத்து சுத்திட்டு, "எதையும் பிரிக்க வேணாண்ணே, கட்டை, மிலாறு, தூர் எல்லாம் ஒண்ணா ஏத்திடலாம், பாய்லருக்குத் தானே"ன்னாரு. ஜேசிபி வந்து வேரோட பிடுங்கிப் போட்டுச்சு. சாயந்தரமே லோடு எடைமேடை ஏறணும்னு எல்லாருக்கும் அவசரம், ஏன்னா பச்சை மரத்துல பாதிக்கு கிட்ட தண்ணி தான், வெட்டுன இடத்துல கை வச்சா ஈரம் ஒட்டுது, ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா எங்க காசு தான் காத்தோட போகும்.

சாயப்பட்டறை, அரிசி ஆலை, நீலகிரி டீ ஃபேக்டரி, எல்லாத்துக்கும் நீராவியோ சூடோ வேணும், ஃபர்னஸ் ஆயில் கட்டுப்படியாகாதவங்க விறகுக்கு வந்துடறாங்க. மில்லுக்கு பட்டை உரிக்கணும், பருமன் பாப்பாங்க. பாய்லருக்கு எரிஞ்சா போதும். அதனால இப்ப விறகு விலைக்கு கீழ மில்லுக்காரங்களும் கேக்க முடியல. 1988 வனக் கொள்கை, ஆலைங்க மரத்துக்கு காட்டை நம்பாம விவசாயிகிட்ட வாங்கணும்னு சொன்னதுல இருந்து மில்லுக்கும் எங்க தோப்பு தேவை. கரும்புச் சக்கையை வச்சு 1984ல ஓட ஆரம்பிச்ச புகளூர் டி.என்.பி.எல் பேப்பர் மில் கூட 2004லருந்து விவசாயிங்க நிலத்துல மரம் வளர்க்கிற திட்டம் நடத்துது.

எனக்கு விலை ஏறுனது சந்தோஷம் தான், அதை மறைக்க மாட்டேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல தோப்பு மொத்தமும் சாய்ஞ்சு கிடந்தப்போ வாங்க ஆள் இல்லாம அப்பா வாசல்லயே உக்காந்திருந்தாரு, இப்ப இருக்கற மாதிரி பாய்லர் கிராக்கி அன்னைக்கு இருந்திருந்தா அவர் அவ்வளவு உடைஞ்சு போயிருக்க மாட்டாரு.

ஆனா மூணு வருஷம் ஆனதுமே வெட்டச் சொல்றாங்க, எடை தானே முக்கியம், நேரா வளருதா கோணலா வளருதான்னு யாருக்கு கவலை. இன்னும் ரெண்டு வருஷம் நின்னா நல்ல முட்டா வர வேண்டிய மரம் அடுப்புக்கு போகுது, பக்கத்து ஊர் மேஸ்திரி நீளக் கம்பு கிடைக்கலன்னு இரும்பு வாடகைக்கு எடுக்கறாரு. அதைவிட எனக்கு வேர் தான் உறுத்துது. சவுக்கு வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும், காத்துல இருக்கற நைட்ரஜனை மண்ணுல சேக்கறது அது தான். சருகையும் அள்ளி, தூரையும் பிடுங்கிட்டா அந்த மணலுக்கு என்ன மிஞ்சும்?

லோடு போன மறுநாள் ரெண்டு அக்கா கயிறோட வந்தாங்க. தோப்புல ஒரு குச்சி இல்ல. ஒண்ணும் பேசாம பாத்துட்டு திரும்பிட்டாங்க, எனக்கு அவங்க முகத்தைப் பாக்க முடியல.

மிச்சம் அரை காணி நிக்குது, அஞ்சு வருஷம் ஆகட்டும்னு விட்டிருக்கேன். வெட்டும்போது தூரைத் தொடக்கூடாது, மிலாறு ஊருக்குன்னு வியாபாரிகிட்ட இப்பவே சொல்லிட்டேன். டன்னுக்கு விலையைக் குறைப்பேன்னு சொன்னாரு. குறைங்கன்னேன்.