ரஷீத்: கல் கிடைத்த ஊரில் நகல்தான் இருக்கிறது

எகிப்தில் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து, ரொசெட்டா கல் கிடைத்த ரஷீத்துக்கு (ஐரோப்பியர்கள் சொல்லும் பெயர்தான் ரொசெட்டா) எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். சரி, முதலில் வண்டி. மைக்ரோபஸ் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். பின்சீட்டிலிருந்து டிக்கெட் காசு கைமாறிக் கைமாறி டிரைவருக்குப் போகும், அதனால் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். என்னிடம் மட்டும் மூன்று மடங்கு கேட்டார், பைக்குத் தனிக் காசாம்! பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்காகச் சண்டை போட்டு மிச்சத்தை வாங்கிக் கொடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து கோட்டைக்கு டுக்டுக், நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோவேதான். ஏறும் முன்பே காசைப் பேசிவிடுங்கள்.

அன்று எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கைத்பே 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இது. 1799 ஜூலையில் எகிப்தைப் பிடித்திருந்த நெப்போலியனின் பிரெஞ்சுப் படை இதைப் பழுதுபார்த்தபோதுதான், பழைய சுவரில் கட்டுமானக் கல்லோடு கல்லாகக் கிடந்த ரொசெட்டா கல் பூஷார் என்ற அதிகாரியின் கண்ணில் பட்டது. கி.மு. 196இல் ஐந்தாம் தாலமி காலத்துப் பூசாரிகள் வெளியிட்ட ஆணை, ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில். அதை வைத்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் 1822இல் எகிப்தியப் பட எழுத்துக்கு வழி கண்டார். ஒரு நாகரிகத்தையே படிக்க வைத்த கல், ஆனால் கோட்டைக்குள் நிற்பது நகல். அதைப் பார்க்கவும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி டிக்கெட், அதைக்கூட நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அசலை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முன்பக்கத்தைத்தான் படமெடுக்கிறார்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பெயிண்டில் எழுதிய ஆங்கில வரி மங்கலாகத் தெரியும்: 1801இல் எகிப்தில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது என்று. இன்னொரு பக்கம், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வழங்கியது என்று. தோற்ற பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஜெயித்த பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள், அப்போது எகிப்துக்குச் சொந்தம் கொண்டாடிய ஓட்டோமான் (துருக்கி) பேரரசின் தளபதியும் கையெழுத்துப் போட்டாராம். ரஷீத்காரர்களை யார் கேட்டார்கள்? எடுத்த விதத்தை அந்தக் கல்லின் மேலேயே எழுதி வைத்துவிட்டு, அது உலகத்துக்கே பொதுச் சொத்து என்று பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம், பிரிட்டிஷ் மியூசியத்தில் 'அனுமதி இலவசம்' என்ற பேச்சு. யாருக்கு இலவசம்? எகிப்தியர் ஒருவர் அங்கே போக விசாவுக்கே 100 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும், மறுத்தாலும் பணம் திரும்பாது, அதற்கு மேல் விமான டிக்கெட். நம் பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான், பட்ஜெட் போட்டுப் பயணம் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நடுவில் சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. நைல் கரையோரக் கடையில் சயாதியா: வெங்காயத்தைக் கருகருவென்று வறுத்து, மீன் வேகவைத்த தண்ணீரிலேயே வேகவிட்ட பழுப்புச் சோறு, மேலே பொரித்த மீன், ஓரத்தில் எள்ளுச் சட்னி மாதிரி தஹினா. லண்டனில் ஒரு காபிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த காசு! எகிப்தில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் உச்சம்.

கல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்று எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த ஸாஹி ஹவாஸ் 2003இலேயே கேட்டார். 2005இல் பிரிட்டிஷ் மியூசியம் அனுப்பியது ஃபைபர்கிளாஸ் நகல். உங்களால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது என்ற பழைய சாக்கு இனி எடுபடாது. கெய்ரோவை ஒட்டிய கிஸாவில் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே கிராண்ட் எகிப்தியன் மியூசியம் 2025 நவம்பரில் முழுதாகத் திறந்தாகிவிட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போனதும் திருடுபோனதும் சேதமானதும் 2023இல் வெளியே வந்தது. மியூசியப் பொருட்களை எளிதில் கொடுத்துவிட விடாத 1963ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டிப்போடுகிறது என்கிறார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டது அவர்கள் நாடாளுமன்றம்தானே? திருத்துங்கள், கல்லை அனுப்புங்கள்.