மண்டாய்க் காட்டில் ஓர் இரவு: அழுங்கு, சருகுமான், தேவாங்கு

சிங்கப்பூரின் மண்டாயில் இருக்கும் இரவு விலங்குத் தோட்டமான நைட் சஃபாரிக்குப் போகிறவர்களில் பலர் டிராமில் ஒரு சுற்று வந்து, சிங்கத்தையும் யானையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு. சிங்கப்பூர் மண்ணில் இயல்பாக வாழ்ந்துவரும், இன்றும் பக்கத்துக் காட்டில் உலவும் உயிர்கள் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நடக்க வேண்டும், இருட்டில் நின்று காத்திருக்க வேண்டும். இதை எழுதுவதே அவற்றுக்காகத்தான்.

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கடைத்தெருவில் நடக்கச் சலித்துக்கொள்பவர், காடு என்றதும் செருப்பை மாட்டிவிட்டார். காதிப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மண்டாய் போகும் ஷட்டில் பஸ்ஸில் ஏறினோம். உள்ளே போகும் மண்டாய் லேக் சாலையின் மேலே மரமும் புதருமாக ஒரு பாலம் வரும். மனிதர்களுக்கான பாலம் இல்லை. இந்தச் சாலை காட்டை இரண்டாகப் பிரித்துப் போட்டதால், விலங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க 2019 டிசம்பரில் திறந்தார்கள். அகலம் 44 மீட்டர். அழுங்கும் சருகுமானும் அதில் நடந்து போனதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. "மிருகத்துக்குன்னு ரோட்டுக்கு மேல காட்டையே தூக்கி வச்சிருக்காங்களாம்மா!" என்று சித்தப்பா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்.

இந்த இடம் காடாகவே தங்கியதற்குக் காரணம் தண்ணீர். மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் கட்டடங்கள் எழும்பவில்லை. நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லா, 1960களின் கடைசியில், அந்த நிலத்தின் ஒரு பகுதியில் விலங்குத் தோட்டம் அமைக்கலாம் என்றார். 1973இல் சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் திறந்தது. அதற்கு ஆலோசனை சொன்னவர் இலங்கைக்காரர், தெஹிவளை விலங்குக் காட்சிசாலையின் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ். வெப்பமண்டல விலங்குகளில் பெரும்பாலானவை இரவில்தான் நடமாடுகின்றன, பகலில் தூங்குவதைக் காட்டி என்ன பயன் என்று கேட்டவரும் அவர்தான். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1994இல் திறந்த நைட் சஃபாரி. உலகிலேயே முதல் இரவு விலங்குத் தோட்டம், 35 ஹெக்டேர்.

உள்ளே வெளிச்சம் நிலவொளி அளவுதான். பளிச்சென்ற தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் இலைக்கு நடுவில் உருவங்கள் பிரியத் தொடங்கும். நாங்கள் டிராம் வரிசையை விட்டுவிட்டு முதலில் நடைபாதைக்குப் போனோம். அந்த நேரத்தில் அங்கே கூட்டமில்லை.

அழுங்கு மண்ணை முகர்ந்துகொண்டே வந்தது. இது தென்கிழக்காசியாவில் வாழும் சுந்தா அழுங்கு. உடம்பு முழுக்கச் செதில், நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின். பல் கிடையாது. நீண்ட, பசையான நாக்கை விட்டு எறும்பையும் கறையானையும் இழுத்துத் தின்னும். குட்டியை வால் மேல் ஏற்றிக்கொண்டு திரியும். ஆபத்து வந்தால் சுருண்டுகொள்ளும். புலியால்கூடப் பிரிப்பது கடினம், மனிதன் அப்படியே கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். செதிலுக்காகவும் கறிக்காகவும் பிடித்துப் பிடித்தே இதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். "எங்க கரட்டுலயும் முன்னாடி இருந்துச்சு. இப்ப யாரும் பாத்ததா சொல்லலை" என்றார் சித்தப்பா.

சருகுமானைப் பலர் எலி என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ எடை, பென்சில் பருமனில் கால்கள், கொம்பு கிடையாது. மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றும் கஞ்சில் இதுதான். இதன் பெரிய இனம் சிங்கப்பூரில் அழிந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். 2008இல் புலாவ் ஊபின் தீவில் மறுபடி கண்டார்கள். இவ்வளவு சின்னத் தீவிலும் ஒரு மான் இத்தனை காலம் கண்ணில் படாமல் வாழ முடிந்திருக்கிறது!

அப்புறம் தேவாங்கு. சித்தப்பா அங்கிருந்து நகரவே இல்லை. அய்யலூர்ப் பக்கத்துத் தேவாங்கு கைகால் நீண்டு ஒல்லியாக இருக்கும். இந்த சுந்தா தேவாங்கு உருண்டையாக, இன்னும் மெதுவாகக் கிளையைப் பற்றிப் பற்றி நகர்கிறது. முழங்கைக்கு உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. அதை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் விஷம். பாலூட்டிகளில் விஷக்கடி உள்ளவை மிகச் சிலவே. இணையத்தில் தேவாங்கைக் கிச்சுகிச்சு மூட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றனவே, அதில் அது கையைத் தூக்குவது சுகத்தில் அல்ல. பயத்தில், அந்தச் சுரப்பியை வாய்க்கு எட்டவைக்கத்தான். தயவுசெய்து அவற்றைப் பகிராதீர்கள். செல்லப் பிராணியாக விற்கப் பிடிப்பவர்கள் இதன் பல்லையே வெட்டிவிடுகிறார்கள்.

கடவூர்க் காட்டில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்த்து 11,806 ஹெக்டேரில், 2022இல் தமிழக அரசு தேவாங்குச் சரணாலயம் அறிவித்ததை சித்தப்பா பக்கத்தில் நின்ற சீனப் பெரியவருக்குத் தமிழிலேயே விளக்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் அய்யலூர் எங்கே இருக்கிறது என்று போனில் தேடிப் பார்த்தார்.

டிராமைக் கடைசியில்தான் பிடித்தோம். சிங்கம் கர்ஜித்தது, யானை நின்றது, நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்தது, பன்றிபோலப் பருத்து, குட்டித் தும்பிக்கையோடு இருக்கும் மலாய் டாபிர். முன்பாதியும் கால்களும் கறுப்பு, நடு உடம்பிலிருந்து பின்புறம்வரை வெள்ளை. இருட்டில் உடம்பு துண்டாகித் தெரிவதால் மிருகம் என்றே தோன்றாது. நன்றாக நீந்தும். 2023இல் ஒன்று பொங்கோலில் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள்; மலேசியாவிலிருந்து ஜொகூர் நீரிணையை நீந்தி வந்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: கையில் மழைக்கோட்டு இருக்கட்டும், போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். விலங்கு நிகழ்ச்சிக்காக வரிசையில் நிற்கும் நேரத்தை நடைபாதைக்குக் கொடுங்கள் என்பேன். உள்ளூர் உயிர்களில் கொலுகோவையும் பார்க்க ஆசையென்றால் பகலில் பக்கத்து விலங்குத் தோட்டத்துக்குப் போங்கள். கூண்டுகளில் தேட வேண்டாம். அது தானாகவே அங்கே வந்து வாழும் காட்டு விலங்கு. கழுத்திலிருந்து வால்வரை தோலை விரித்து, மரம் விட்டு மரம் நூறு மீட்டருக்கும் மேல் சறுக்கிப் போகும். பகலில் மரத்தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பாசி படிந்த பட்டை நிறத்தில். அதே வாரம் மறுபடி போனபோது சித்தப்பா ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார், நடைபாதைக்கு மேலேயே, குட்டியோடு.