காயில் சுத்துற நாட்கள்

ஜூன் 7
பெருக்கின சிக்னல்ல கொஞ்சத்தைத் திருப்பி ஊட்டி இன்னும் பெருக்குற ரீஜெனரேட்டிவ் ரேடியோ ஒண்ணு கட்டணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, இன்னைக்கு காயில்ல கை வச்சாச்சு. மத்ததெல்லாம் கடையில வாங்கிக்கலாம், காயிலை மட்டும் நாமதான் சுத்தணும், எனக்குப் புடிச்சதே அதுதான். 50 எம்.எம் பி.வி.சி பைப்பு, மோட்டார் வைண்டிங் கடையில வாங்கின 26 கேஜ் இனாமல் கம்பி, 80 சுத்து. இடைவெளி விடாம ஒட்டி ஒட்டி சுத்தினா 4 செ.மீ நீளம் வருது, காயிலோட இண்டக்டன்ஸை வீலர் ஃபார்முலால போட்டா 250 மைக்ரோஹென்றி கிட்ட. சென்னை ஸ்டேஷனை 720 கிலோஹெர்ட்ஸ்ல கேக்கணும்னா, காயிலோட சேந்து ஸ்டேஷன் புடிக்கிற, திருப்பி மாத்துற கேங் கண்டன்சர் 195 பிகோஃபாரட் பக்கத்துல நிக்கணும்.

ஜூன் 8
அதே பைப்புல கொஞ்சம் தள்ளி டிக்லர்னு ஒரு சின்ன ரெண்டாவது காயில், 12 சுத்து. உசுரே இதுலதான் இருக்கு. எஃப்.இ.டிங்கிற டிரான்சிஸ்டர் பெருக்கின சிக்னல்ல கொஞ்சத்தை இது திருப்பி மெயின் காயிலுக்கே ஊட்டுது, கம்பியோட ரெசிஸ்டன்ஸ்ல வீணாப் போறது ஈடாகுது, முழுசா ஈடாயிட்டா வெளிய இருந்து சிக்னலே வேணாம், சர்க்யூட் தானா ஆட ஆரம்பிச்சிடும், ஆசிலேட்டர் ஆயிடும். அமெரிக்க ரேடியோ இன்ஜினியர் ஆர்ம்ஸ்ட்ராங் 1912ல காலேஜ் படிக்கிறப்ப கண்டுபிடிச்சது இது! நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொன்ன டி ஃபாரஸ்டோட வருஷக்கணக்கா கேஸ் நடந்து 1934ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. இதுக்காக ரேடியோ இன்ஜினியருங்க சங்கமான ஐ.ஆர்.இ குடுத்த மெடலை அவர் திருப்பிக் குடுக்கப் போனா, இன்ஜினியருங்க வாங்க மாட்டோம்னுட்டாங்க. எனக்கு அந்த இன்ஜினியருங்க தீர்ப்புதான் தீர்ப்பு.

ஜூன் 10
கம்பி முனையை பிளேடால சுரண்டி ஈயம் வச்சாச்சு. டிக்லரோட ரெண்டு முனையையும் மாத்திப் போட்டுப் பாத்துதான் எது சரியான பக்கம்னு தெரியும், தலைகீழா இருந்தா ஃபீட்பேக் சிக்னலைக் கூட்டாம குறைச்சிடும். ஃபீட்பேக் குமிழை மெதுவா திருப்பினா முதல்ல ஸ்ஸ்ஸ்னு இரைச்சல், அப்புறம் லேசா ஒரு 'ப்ளப்', அதுக்கு மேல போனா விசில். அந்த ப்ளப்புக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்தினா சென்னை கணீர்னு வருது. 1920கள்ல பலபேர் குமிழை தாண்டித் திருப்பிடுவாங்க, செட்டே டிரான்ஸ்மிட்டர் மாதிரி ஆயி அக்கம்பக்கத்து ரேடியோவெல்லாம் விசில் அடிக்கும்.

ஜூன் 14
டிக்லரைக் கழட்டிட்டு ஹார்ட்லி ஆசிலேட்டர். 1915லயே ஹார்ட்லிங்கிறவர் பேட்டண்டுக்குப் போட்டது, ரெண்டாவது காயிலே கிடையாது, ஒரே காயில்ல இடையில ஒரு டேப், அதாவது ஒரு கிளை இணைப்பு. எர்த் பக்கத்துல இருந்து 16வது சுத்துல எடுத்து எஃப்.இ.டியோட சோர்ஸ் கால்ல குடுத்தேன். பக்கத்துல சாதா டிரான்சிஸ்டர் ரேடியோவை 720ல வச்சா கீச்னு சத்தம் கேக்குது, காயில் கிட்ட கையைக் கொண்டு போனா சத்தம் ஏறி இறங்குது, கையோட கெப்பாசிட்டன்ஸ்தான். அடுத்து அட்டையில சிலந்தி வலை காயில் சுத்தணும், வெட்டு ஒத்தைப்படையில போடணும், அப்பதான் அடுத்தடுத்த சுத்து அட்டைக்கு எதிரெதிர் பக்கமா போகும். மெல்லிய இனாமல் இழைங்களை முறுக்கின லிட்ஸ் கம்பி சில்லறையா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.