மருந்தைக் குறைத்து வைரஸை அடக்கிய கதை

அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்த புதிதில் நான் பயந்ததெல்லாம் சி.எம்.வி. (சைட்டோமெகலோ) வைரஸுக்குத்தான். அதற்கு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை முதலிலிருந்தே கொடுத்துவிட்டார்கள். பொதுவாக 3 மாதம், சி.எம்.வி. படாத உடம்பில் அது பட்டவரின் கிட்னி என்றால் 6 மாதம். வெள்ளணு கொஞ்சம் இறங்கியது, வேறு தொந்தரவு இல்லை.

ஆனால் வந்தது பி.கே. வைரஸ். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போலப் போனது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் மட்டும் 1.1-லிருந்து 1.6-க்கு ஏறியிருந்தது. உடம்பு கிட்னியைத் தள்ளுகிறதா, வைரஸா என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது. தள்ளுகிறது என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டணும். வைரஸ் என்றால் குறைக்கணும். ஊகத்தில் வைத்தியம் பார்த்தால் கிட்னி போய்விடும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் பிசிஆர் பரிசோதனை பார்த்தார்கள், ஒரு மில்லியில் 10,000-க்கு மேல். கிட்னியில் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சியும் வைரஸ் என்றே சொன்னது.

இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, சிறுநீர்ப் பாதையில் சும்மா கிடப்பது. அதைக் கொல்ல நம்பகமான தனி மருந்து கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் அதை அடக்கணும். அதனால் அந்தச் சக்தியை அடக்கும் மருந்துகளில் முதலில் மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்கினார்கள், பிறகு டாக்ரோலிமஸையும் இறக்கினார்கள். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏட்டி, மருந்தக் கொறைச்சா நான் குடுத்தத ஒடம்பு தள்ளிராதா?" நியாயமான கேள்விதான். டாக்டரும் அந்த ஆபத்தை மறைக்கவில்லை. அதனால்தான் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கிரியேட்டினின் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் புளியரை. கிரியேட்டினினைத் தென்காசியிலேயே பார்த்துக்கொண்டேன். பிசிஆரைத் திருவனந்தபுரத்தில் ஒரே லேபில்தான் கொடுத்தேன். லேப் மாறினால் எண்ணும் மாறும், ஒப்பிட முடியாது. 12,000 அடுத்த முறை 9,000 ஆனதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரே லேபிலும் அவ்வளவு வித்தியாசம் வரும் என்று டாக்டர் அதை இறக்கமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்கணும். விடியலில் கிளம்பி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்ச் சேர்ந்தால் நேரம் தப்பிவிடும். முந்தின நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கிவிடுவேன். மாத்திரை கைப்பையில் இருக்கும், ரத்தம் எடுத்ததும் அங்கேயே விழுங்குவேன்.

சித்தி வீட்டு முற்றத்தில் பம்பளிமாஸ் காய்த்துத் தொங்கும். தொடமாட்டேன், அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். சளி என்று மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் பிசிஆரில் வைரஸ் தெரியவில்லை. கிரியேட்டினின் 1.4-ல் நின்றுவிட்டது, பழைய 1.1 திரும்பவில்லை. பிசிஆர் இன்னும் 3 மாதத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. மைக்கோஃபினோலேட்டைப் பழைய அளவுக்கு ஏற்றவில்லை.