சிபில் கெட்டவரைத் தேடி வரும் கடன்கள்

வங்கியில் ‘உங்க சிபில் சரியில்லை’ என்று கைவிரித்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். நாம் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்று காட்டும் ஸ்கோரைத்தான் சிபில் என்கிறோம், அதைப் போடும் நிறுவனத்தின் பெயரும் அதுதான். கடன் கேட்டு ஆன்லைனில் எங்காவது நம்பரைப் பதிந்திருந்தால் போதும், அது யார் யார் கைக்கோ போய்விடுகிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தமிழில் பேசினால் கொஞ்சம் இளகிவிடுவோம் என்பதும் அழைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பெங்களூர் அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கெட்டுப்போன சிபிலைச் சரிசெய்து, போன மாதம் வங்கியிலேயே மெஷின் லோன் வாங்கிவிட்டேன். அதற்குள் எத்தனை விதமான ஏமாற்று வேலைகள் வந்தன என்பதை எழுதிவைத்தால், இதே நிலைமையில் இருக்கும் சிலருடைய பணமாவது தப்பும்.

2020 ஊரடங்கில் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகள் மூடியதும் ஆர்டர் மொத்தமும் நின்றது. கிரெடிட் கார்டு பாக்கி ஏறிக்கொண்டே போனது. மறுவருஷம் வங்கியே கூப்பிட்டு, ஒரு தொகையைக் கட்டி செட்டில்மென்ட் முடித்துக்கொள்ளச் சொன்னது. கட்டினேன். கணக்கு முடிந்தது என்றார்கள். ஆனால் சிபில் அறிக்கையில் அது ‘க்ளோஸ்டு’ என்று ஏறாது, ‘செட்டில்டு’ என்றுதான் ஏறும். முழுசாகக் கட்டவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை அப்போது யாரும் சொல்லவில்லை. 300 முதல் 900 வரை போடும் ஸ்கோரில் நான் 600-க்குக் கீழே நின்றேன்.

முதலில் வந்தது முத்ரா கடன், அதாவது சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன். “அக்கா, உங்களுக்கு 3 லட்சம் அப்ரூவ் ஆயிடுச்சு. சிபிலே பாக்க மாட்டாங்க” என்றான் ஒரு பையன். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் சாங்ஷன் லெட்டர் வந்தது. சிங்கமுத்திரை, ஆர்பிஐ என்கிற ரிசர்வ் வங்கியின் சின்னம், நிதி அமைச்சகத்தின் பெயர், ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தன. கீழே அக்ரிமென்ட் சார்ஜ் 2,950 ரூபாய் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்து பார்த்தேன். பணம் கட்டும் முன் திரையில் வந்த பெயர் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். வங்கியுமில்லை, கம்பெனியுமில்லை.

அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அந்த 2,950-ஐ லோன் பணத்திலேயே கழிச்சுக்கிட்டு மீதியைப் போடுப்பா.” சிஸ்டம் ஒத்துக்காது என்றான். அதைக் கட்டியதும் இன்சூரன்ஸ், அப்புறம் கடன் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, எல்லாம் ரீஃபண்ட் ஆகிவிடும் என்றான். வேண்டாம் என்றதும் குரல் மாறியது. சாங்ஷன் ஆன லோனை கேன்சல் செய்தால் சிபில் இன்னும் விழும், போலீஸ் நோட்டீஸ் வரும் என்று மிரட்டினான். எல்லாம் பொய். முத்ரா நிறுவனம் யாருக்கும் நேராகக் கடன் கொடுப்பதில்லை, வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான் கொடுக்கும். ஆர்பிஐ தனி ஆளுக்குக் கடன் அனுமதிப்பதே இல்லை. கடனுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, ப்ராசசிங் கட்டணத்துக்குத்தான் உண்டு.

அடுத்த வகை ஸ்கோரையே ஏற்றித் தருகிறவர்கள். ஒரு காம்ப்ளெக்ஸ் மாடியில் ஆபீஸ் போட்டு, 8,000 ரூபாய்க்குப் பத்தே நாளில் ‘செட்டில்டு’ என்பதை அழித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆதார், பான், சிபில் கணக்குக்கு வரும் ஓடிபி எல்லாம் வேண்டுமாம். கடன் கொடுத்த நிறுவனம் மாற்றிக் கொடுக்காமல் அந்த வரியை யாராலும் மாற்ற முடியாது. சிபிலே நினைத்தாலும் முடியாது. அறிக்கையில் தப்பு இருக்கிறது என்று நாமே இலவசமாகப் போடக்கூடிய டிஸ்ப்யூட்டைப் போடத்தான் இவர்கள் காசு கேட்கிறார்கள். கையில் இருக்கிற கடைசிக் காசையும் தேடி வருகிறார்களே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உண்மையில் செய்ய வேண்டிய வேலைக்கு ஏஜென்ட்டே தேவையில்லை, பொறுமைதான் தேவை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை எடுத்து வரிவரியாகப் படித்தேன். 2019-லேயே கட்டி முடித்த ஃபிரிட்ஜ் தவணை இன்னும் பாக்கியாக நின்றது. பாக்கி இல்லை என்று அப்போது கொடுத்த நோ ட்யூ சர்டிஃபிகேட்டை பீரோவிலிருந்து தேடி எடுத்து டிஸ்ப்யூட் போட்டேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்று ஆர்பிஐ விதி இருக்கிறது. கெடுவுக்குள்ளேயே சரியானது.

கார்டு விஷயத்துக்கு வங்கிக்கே எழுதினேன். செட்டில்மென்ட்டில் தள்ளுபடி செய்த 31,000 ரூபாயைக் கட்டுகிறேன், கணக்கை ‘க்ளோஸ்டு’ என்று மாற்றித் தரவேண்டும் என்று கேட்டேன். அவர்கள் ஒத்துக்கொண்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான் பணம் கட்டினேன். வாய்வார்த்தையை நம்பிக் கட்டாதீர்கள். அப்புறம் வங்கியில் 15,000 ரூபாய் எஃப்டி போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். சிக்பேட்டையில் நூல், பட்டன் வாங்குவது மட்டும் அதில். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாமல், மாதா மாதம் முழுசாகக் கட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று, ஸ்கோர் 700-ஐத் தாண்டியது.

இந்தக் காலத்தில்தான் எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா ஒரு லோன் ஆப்பில் மாட்டினார். கேட்டது 5,000, கைக்கு வந்தது 3,200. ஏழே நாளில் முழுசாகக் கட்டச் சொன்னார்கள். கட்டியும் விடவில்லை. அவர் போனில் இருந்த எல்லோருக்கும், அவர் பூ கொடுக்கும் வீடுகள் உட்பட, அசிங்கமாக மெசேஜ் போனது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்து சைபர் கிரைம் புகார் கொடுத்தோம். கடன் ஆப் நம் காண்டாக்டையும் போட்டோவையும் தொடக்கூடாது என்று 2022-லேயே ஆர்பிஐ சொல்லிவிட்டது. பணமும் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக நம் கணக்குக்கு வரவேண்டும். எந்தெந்த ஆப் எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது என்ற பட்டியல் 2025 ஜூலை முதல் ஆர்பிஐ தளத்தில் இருக்கிறது. ஆப்பை இறக்கும் முன் அதில் தேடிப் பாருங்கள். அனுமதியில்லாமல் பணம் புரட்டும் ஆட்களைப் பற்றி ஆர்பிஐயின் சசேத் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

எனக்குக் கிடைத்த கடன் 2 லட்சம். கிளைக்கே நேரில் போய், சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் ஒரு வருஷ வங்கி ஸ்டேட்மென்ட்டும் கொடுத்து வாங்கினேன். கையெழுத்துக்கு முன்பே ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்று தந்தார்கள். வட்டி, கட்டணம், தவணை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் விழும் என்பது அதில் இருக்கும். ப்ராசசிங் கட்டணத்தைக் கடனிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டார்கள். முன்பணமாக ஒரு ரூபாய்கூட யாருக்கும் அனுப்பவில்லை. ஓவர்லாக் மெஷின் வந்துவிட்டது. அந்த மாதிரி அழைப்புகள் இன்னும் வருகின்றன. நம்பரை அரசின் தொலைத்தொடர்புத் துறைத் தளமான சஞ்சார் சாத்தியில் இருக்கும் சக்‌ஷு பகுதியில் புகாராகப் பதிந்துவிடுகிறேன், பணம் போகாவிட்டாலும் அங்கே புகார் எடுத்துக்கொள்கிறார்கள்.