சர்க்கரை வரியில் போட்ட தண்டவாளம்

வேலந்தாவளத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். ஊருக்குள் தார் ரோடு வேண்டும் என்று மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். ரோடு வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே, எல்லையில் இருந்த வாளையார் வரி செக்போஸ்ட் வரிசையில் நிற்கப் பிடிக்காத லாரிகள் ராத்திரியில் எங்கள் வாசல் வழியாகப் போக ஆரம்பித்தன. ஒரு விடியற்காலை பத்துச் சக்கர லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்து, என் மதிலில் நாலடியைச் சாய்த்து, குடிதண்ணீர்க் குழாயையும் மிதித்து உடைத்துவிட்டது. இறங்கி வந்த டிரைவர் பையன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "ரோடு இருக்கேன்னு வந்துட்டேன்ணா."

1941ல் ஈரானுக்கு நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதுமே, 1939 செப்டம்பரில், நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று ஈரான் அறிவித்துவிட்டது. அப்போது மன்னர் ரேஸா ஷா. கெடுபிடியான ஆள், எதிர்த்துப் பேசினால் சிறைதான். ஆனால் ரயில் விஷயத்தில் அவருடைய பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். வெளிநாட்டில் கடன் வாங்கினால் கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று, 1925ல் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் வரி போட்டு அந்தக் காசிலேயே ரயில் பாதை போட்டார். பாரசீக வளைகுடாவிலிருந்து தெஹ்ரான் வழியாகக் காஸ்பியன் கடல் வரை, மலையைக் குடைந்து, கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். 1938ல் வேலை முடிந்தது. ஈரான்காரன் ஒவ்வொரு கிளாஸ் டீக்கும் அந்தத் தண்டவாளத்துக்குக் காசு கட்டியிருக்கிறான்.

தெற்கு வடக்காக ஏன் போடுகிறீர்கள், கிழக்கு மேற்காகப் போட்டால்தானே வியாபாரத்துக்கு ஆகும் என்று மொசாதெக் அப்போதே நாடாளுமன்றத்தில் கேட்டார். பின்னால் பிரதமராகி எண்ணெயை நாட்டுடைமையாக்கினாரே, அதே மொசாதெக்தான். யார் காதிலும் விழவில்லை.

1941 ஜூன் 22ல் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்தார். ஏற்கெனவே ஜெர்மனியோடு போரில் இருந்த பிரிட்டன் இனி ரஷ்யாவுக்கு லாரி, குண்டு, சாப்பாடு எல்லாம் அனுப்பியாக வேண்டும். வடக்குக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். மேப்பை விரித்துப் பார்த்தவர்களுக்கு, வளைகுடாவிலிருந்து நேராக ரஷ்யா பக்கம் போகிற ஒரு ரயில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே அபாதான் எண்ணெய் ஆலை, அது பிரிட்டிஷ் கம்பெனியுடையது. வெளியே சொன்ன காரணம் வேறு: உங்கள் நாட்டில் ஜெர்மன்காரர்கள் அதிகம் இருக்கிறார்கள், அனுப்பிவிடுங்கள். எத்தனை பேர் என்பதிலேயே சண்டை. இருந்தவர்களில் இன்ஜினியர்களும் டெக்னீஷியன்களும் நிறைய, உளவாளிகளும் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் எல்லாரையும் அன்றைக்கே ரயிலேற்றி அனுப்பியிருந்தாலும் படை வராமல் இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 25 அதிகாலை பிரிட்டிஷ் தூதரும் ரஷ்யத் தூதரும் சேர்ந்து போய்ப் பிரதமர் அலி மன்சூரை எழுப்பிக் கடிதம் கொடுத்தார்கள். அதற்குள் தெற்கேயும் மேற்கேயும் பிரிட்டிஷ் படையும் வடக்கே ரஷ்யப் படையும் உள்ளே வந்தாயிற்று. பிரிட்டிஷ் படை என்றேனே, அதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். 8வது, 10வது இந்திய டிவிஷன்கள். அடிமை நாட்டுக்காரன் போய் நடுநிலை நாட்டைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். துறைமுகத்தில் நின்ற ஈரான் கப்பல்களை மூழ்கடித்தார்கள், கடற்படைத் தளபதி பாயந்தோர் அன்றைக்கே கொல்லப்பட்டார். நாலே நாளில் எல்லாம் முடிந்தது. செப்டம்பர் 16ல் ஷா மகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அவரை ஏற்றிய கப்பல் பம்பாய் வரை வந்தது, கரையில் இறங்க விடவில்லை. அங்கிருந்தே மொரீஷியஸ், அப்புறம் ஜோகன்னஸ்பர்க். 1944ல் அங்கேயே இறந்துபோனார்.

ரயில் மட்டும் நன்றாக ஓடியது. ஓடியது யாருக்கு என்பதுதான் விஷயம். வண்டியெல்லாம் போர்ச் சரக்குக்குப் போய்விட, தானியம் ஏற்ற வேகன் கிடைக்கவில்லை. விளைச்சலும் குறைவு, பதுக்கல் வேறு, விலை கண்டபடி ஏறியது. 1942 டிசம்பரில் தெஹ்ரானில் ரொட்டிக்காகக் கலவரம். பஞ்சத்திலும் டைபஸ் காய்ச்சலிலும் ஜனங்கள் செத்தார்கள். 1943 செப்டம்பரில், தன் மண்ணில் அந்நியப் படை நிற்கும்போதே, ஈரான் ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. நடுநிலையின் கதை அவ்வளவுதான்.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன் என் கிளாஸில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "அப்போ வரி கட்டினவனுக்கு ரயிலும் இல்லை, ரொட்டியும் இல்லைங்களா தம்பி?" என்றார்.

போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் கிளம்பிவிடுவோம் என்று 1942லேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1946 மார்ச்சில் கிளம்பினார்கள். ரஷ்யர்கள் கிளம்பவில்லை. ஈரான் ஐ.நா. பாதுகாப்பு சபை வரை போய் முறையிட்டு, மே மாதம்தான் போனார்கள்.

எங்கள் ரோட்டு விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரில் பழைய வரிசை இல்லை. இனி இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று மதிலைப் புதிதாகக் கட்டினேன். லாரி இன்னும் வருகிறது. டிரைவர்களுக்கு வழி பழகிவிட்டதாம்.