செலிகி ரோட்டு முருகன் சக்கரம்

சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவிலிருந்து செலிகி ரோடு வழியாக நடந்து போகும்போது, எலிசன் கட்டடத்தின் உச்சியில் இருந்த நட்சத்திரத்தைக் காட்டி "அது என்னப்பா?" என்று கேட்டேன். ஒரு முக்கோணம், அதன் மேல் தலைகீழாக இன்னொன்று. அப்பா யோசிக்கவே இல்லை. "அறுகோணம்மா, முருகன் சக்கரம்" என்றார். அப்புறம் நாற்பது வருடம் அதை யாரிடமும் மறுபடி கேட்கத் தோன்றவில்லை.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டிலும் இதே கதைதான். சனிக்கிழமையானால் கிருஷ்ணன் கோயில். பக்கத்துக் குவான் யின் கோயிலுக்கு வருகிற சீனப் பாட்டிகள் நம் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி யூதர்களின் மகேய்ன் அபோத் ஜெப ஆலயம். 1878இல் திறந்தது, தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கும் ஜெப ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது. நான் உள்ளே போனதே இல்லை. நான் அந்தப் பக்கம் போகிற சனிக்கிழமைதான் அவர்களுக்கும் ஓய்வு நாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆலயத்தை ஒட்டிய ஜேக்கப் பாலஸ் மையத்தின் கீழ்த்தளத்தில் சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிய சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 2021 கடைசியில் திறந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவள், வெளியே வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

பாக்தாத்திலிருந்து பம்பாய், கல்கத்தா வழியாக இங்கே வந்து சேர்ந்த வணிகர்கள். மனாசே மேயர் மாதிரி பெரும் பணக்காரர்களும் உண்டு. ஆக்ஸ்லி ரைஸில் 1905இல் இன்னொரு ஜெப ஆலயமே கட்டியவர் அவர். ஆனால் என்னை நிற்கவைத்தது மிடில் ரோடு, வில்கி ரோடு பக்கம் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைக் குடும்பங்களின் கதைதான். அந்த வட்டாரத்தை அவர்கள் 'மஹல்லா' என்பார்களாம். நம் ஆட்களுக்குத் தேக்கா மாதிரி. எலிசன் கட்டடம் 1924, டேவிட் எலியாஸ் கட்டடம் 1928. இரண்டின் நெற்றியிலும் அதே நட்சத்திரம். என் முருகன் சக்கரம் அங்கே உடைந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் இவர்கள் யூதர் என்று காட்டும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. 1943இல் பலரைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். பள்ளியில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தும் இந்தப் பட்டை என் காதில் விழவே இல்லை.

இன்னொன்று. தோபி காட் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் முன்பு யூதர்களின் இடுகாடு இருந்தது. நிலையம் கட்டுவதற்காக எண்பதுகளில் எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறிடத்துக்கு மாற்றினார்கள். நம் ஊர் வண்ணார்கள் துணி துவைத்ததால் வந்த பெயர் மட்டும் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. தினமும் நான் ரயில் மாறும் இடம் அது.

அன்று சாயங்காலமே தோ பாயோவுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். எண்பது தாண்டியவர். டேவிட் மார்ஷல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1955இல் நம் முதல் முதலமைச்சரான அதே மார்ஷல், பாக்தாதி யூதர். 1961 ஆன்சன் இடைத்தேர்தலில் அவர் ஜெயித்தபோது தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார், வீடும் அந்தப் பக்கம்தான்.

"கூட்டத்துக்குத் தாத்தா என்னையும் கூட்டிட்டுப் போனார். புருவம் இருக்கே, புதர் மாதிரி! இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா கை தட்டுவோம்."

"அவர் யூதர்னு தெரியுமாப்பா?"

"தெரியும். அதனால என்ன?"

சரி என்று நட்சத்திர விஷயத்தையும் போட்டு உடைத்தேன். அது தாவீதின் நட்சத்திரம், முருகன் சக்கரம் இல்லை என்று போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆறு முனை இருக்குல்ல?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்புறம் என்ன."